செய்தது போதுமா?

பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வைத்துப் பாடம் சொல்லிக்கொடுக்கும் பெற்றோர் நம்மவரிடையே இன்று சிலர் இருக்கின்றனர். மேருவில் இருக்கின்றனர், கிள்ளானில் இருக்கின்றனர், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் பக்கத்து அடுக்குமாடிகளிலும் இருக்கின்றனர். தொகை பெரிதன்று. ஆயினும் அவர்கள் மனத்தை அரிக்கும் கேள்வி சிறியதன்று. "நம் பிள்ளைக்கு நாம் செய்தது போதுமா?" என்பதே அக்கேள்வி. அதை எழுதி அனுப்பிக் கேட்பவர் யாருமில்லை. விருந்து முடிந்து தேத்தண்ணீர் குடிக்கையில், பேச்சோடு பேச்சாகச் சிரித்துக்கொண்டே கேட்கிறார்கள். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் உறக்கமில்லாத இரவுகள் பல இருப்பது முகத்திலேயே தெரிகிறது.

இவர்கள் வீட்டுக் கல்வியை மேற்கொண்ட காரணங்கள் பலவகை. ஒரு பிள்ளைக்கு உடல் நலமில்லை. ஒரு பிள்ளை வகுப்பில் மற்றப் பிள்ளைகளின் கேலிக்கு ஆளாகி வாய் திறவாமற் போயிற்று. ஒரு பிள்ளை திருக்குர்ஆனை மனனம் செய்கிறது. காலைப்பொழுது முழுவதும் அதற்கே வேண்டியிருக்கிறது. வேறு சிலர், 2020-ஆம் ஆண்டு மார்ச் 18-ல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து பாடசாலைகள் மூடிக் கிடந்தபோது, வேறு வழியின்றிச் சாப்பாட்டு மேசையில் பாடம் தொடங்கியவர்கள். பாடசாலைகள் திறந்த பிறகும் அந்த மேசையை விட்டு அவர்கள் எழவில்லை. காரணம் எதுவாயினும் கவலை ஒன்றுதான். அடுத்த வீட்டுப் பையன் சீருடையோடு வருகிறான். பன்னிரண்டாம் வாய்பாட்டைத் தடையின்றி ஒப்பிக்கிறான். நம் பிள்ளையோ ஏழாம் வாய்பாட்டிலேயே நிற்கிறது. அன்றிரவு தாய்க்குச் சோறு இறங்குவதில்லை.

இத்தகையவர்களுக்குச் சொல்லப்படும் மறுமொழிகள் பெரும்பாலும் இரண்டு. "கவலைப்படுகிறீர்களே, அதுவே நீங்கள் நல்ல பெற்றோர் என்பதற்கு அடையாளம்" என்று தட்டிக்கொடுப்பது ஒன்று. "அப்போதே சொன்னோமே, பாடசாலைக்கு அனுப்புங்கள் என்று" எனக் கண்டிப்பது மற்றொன்று. இரண்டும் கேட்ட கேள்விக்கு விடையாகா. கவலைப்படும் வியாபாரியெல்லாம் நேர்மையான வியாபாரி என்று யார் சொல்வார்? வாங்கிய கடனைத் திருப்பிக் கொடாதவனுங்கூடக் கவலைப்படத்தான் செய்கிறான். ஆகவே கேள்வியைக் கேள்வியாகவே எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

அதற்குமுன் சட்டத்தைச் சொல்லிவிடுவது நலம். 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் 2002-ல் திருத்தப்பட்டு, 2003 ஜனவரி 1 முதல் தொடக்கக் கல்வி கட்டாயமாயிற்று. மலேசியக் குடிமகனாக இருந்து, ஆறு வயது நிரம்பிய பிள்ளையைத் தொடக்கப் பாடசாலையில் சேர்க்கத் தவறும் பெற்றோருக்கு 5,000 வெள்ளி வரை அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். விலக்களிக்கும் அதிகாரம் கல்வி அமைச்சருக்கு உண்டு. வீட்டில் கற்பிக்க விரும்புவோர் அவ்விலக்கைக் கேட்டுப் பெறவேண்டும். உரிமம் எடுக்காமல் கடைக்கதவைத் திறக்கத் துணியாத நாம், இதில் மட்டும் "யார் வந்து கேட்கப் போகிறார்கள்?" என்றிருப்பது முறையன்று. சிலருடைய மனத்தில் அதிகாரி கதவைத் தட்டுவாரோ என்னும் பயமும், பிள்ளைக்குச் செய்தது போதுமோ என்னும் கவலையும் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. முன்னது விண்ணப்பம் எழுதி, மறுமொழி பெற்று, அதன்படி நடந்தால் தீர்ந்துபோகும் பயம். பின்னது அப்படித் தீராது. நாம் பேசவந்தது பின்னதைப் பற்றியே.

நம்முடைய கடமைகளில் சிலவற்றுக்கு அளவு சொல்லப்பட்டிருக்கிறது. ஜகாத்தை எடுத்துக்கொள்வோம், வியாபாரிகளுக்கு இது மனப்பாடம். சுமார் 85 கிராம் பொன்னின் மதிப்பை எட்டிய பொருள் ஓராண்டுக் காலம் கைவசம் இருந்தால், அதில் நாற்பதில் ஒரு பங்கு. சரக்கு இருப்பைப் பார்த்து, வரவேண்டியதைக் கூட்டி, கொடுக்க வேண்டியதைக் கழித்துக் கணக்குப்படி கொடுத்துவிட்டால், "என் கடமை முடிந்தது" என்று சொல்ல ஒருவருக்கு உரிமையுண்டு. அதற்குமேல் கொடுப்பது ஸதகா. அதைக் கொடாதவனைக் குற்றவாளி என்பாரில்லை. தொழுகைக்கு வேளை ஐந்து. ஹஜ்ஜு, இயன்றவர்க்கு ஆயுளில் ஒரு தடவை. ஆனால் பிள்ளைக்கு அறிவு புகட்டுவதற்கு நிசாப் என்ன? நாளைக்கு இத்தனை மணி, வருஷத்துக்கு இத்தனை பாடம், அதை எட்டினால் போதும் என்று வரையறுத்தவர் யார்? ஒருவருமில்லை. வீட்டில் கற்பிக்கும் பெற்றோர் இரவெல்லாம் தேடுவது இந்த நிசாபைத்தான். அது கிடைத்துவிட்டால் எட்டினோம் என்றோ, எட்டவில்லை என்றோ தெரிந்துகொண்டு படுத்து உறங்கலாம்.

பாடசாலைக்கு அனுப்பும் பெற்றோருக்கு அந்த அளவு கையில் கிடைத்துவிட்டதுபோலத் தோன்றுகிறது. பாடத்திட்டம் இருக்கிறது, தவணை இருக்கிறது, மதிப்பெண் அட்டை வருகிறது. ஆயினும் இந்த நாட்டில் நடந்ததைக் கவனியுங்கள். ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் எழுதிவந்த யு.பி.எஸ்.ஆர். சோதனை 2021-லும், மூன்றாம் படிவத்துப் பி.டி.3 சோதனை 2022-லும் கைவிடப்பட்டன. யு.பி.எஸ்.ஆர். சோதனையில் எல்லாப் பாடத்திலும் 'ஏ' வாங்கிய பிள்ளையின் படத்தைப் பத்திரிகையில் வெட்டியெடுத்துச் சட்டம்போட்டு மாட்டியிருக்கும் வீடுகள் நம்மிடையே எத்தனையோ! அந்த அளவுகோல் இன்றில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பும் தகப்பனாரும் இன்று அதே கேள்வியைத்தான் கேட்கிறார்: "போதுமான அளவு படித்திருக்கிறானா?" பாடசாலை செய்வது வேறொன்று. அது பெற்றோரின் கவலையைப் பங்கிட்டுக்கொள்கிறது. ஓர் உபாத்தியாயர், ஒரு தலைமையாசிரியர், ஓர் இலாகா எல்லாரும் ஆளுக்குக் கொஞ்சம் சுமக்கிறார்கள். இது பேருதவி; இதை இலேசாக நினைப்பதற்கில்லை. ஆனால் சுமையைப் பலபேர் தூக்குகிறார்கள் என்பதால் சுமை எவ்வளவு என்று தெரிந்துவிட்டதாக ஆகாது. வீட்டில் கற்பிக்கும் தாய் தனியாகச் சுமக்கிறார். அதனாலேயே அவருக்கு அதன் கனம் தெரிகிறது. மற்றவரைவிட அவர் குறைவாகச் செய்துவிட்டார் என்பதற்கு அது அத்தாட்சியன்று.

நம் சமூகத்துக்கு இது புதுக்கேள்வியுமன்று. நம்முடைய பாட்டனார்கள் கீழக்கரையிலிருந்தும், நாகூரிலிருந்தும், கடையநல்லூரிலிருந்தும், முத்துப்பேட்டையிலிருந்தும் கப்பலேறி மலாயாவுக்கு வந்து கடை வைத்தார்கள். மனைவி மக்களை ஊரிலேயே விட்டுவந்தவர்கள் அவர்களில் மிகப்பலர். சபர் போன மனிதர் இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை ஊர் திரும்புவார், சில மாதம் இருப்பார், மறுபடியும் கப்பல். அத்தாவின் முகத்தைப் பிள்ளைகள் கடிதத்திலும் மணியார்டரிலும் பார்த்து வளர்ந்தன. அந்தப் பிள்ளைகளை ஆளாக்கியவர் யார்? தாயும், பாட்டியும், தெருவில் ஓதிக்கொடுக்கும் லெப்பையும், வீட்டுத் திண்ணையில் சிறுமிகளுக்கு ஓதிக்கொடுத்த பெண்மணிகளுமே. இப்பெண்களில் பலருக்குத் தமிழ் எழுத்து வாசிக்கத் தெரியாது. ஆனால் தமிழை அரபு எழுத்தில் எழுதிய அரபுத்தமிழ் வாசிக்கத் தெரியும். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அவர்கள் பத்ஹுத் தய்யான் என்னும் மார்க்கச் சட்ட நூலை அரபுத்தமிழில் எழுதிவைத்தது, அரபு மொழி கற்க வாய்ப்பில்லாத இத்தகைய ஆண் பெண் இருபாலாருக்கும் பயன்பட்டது. வீட்டு நடுக்கூடத்தில் இருந்த ஒரு கல்வி அது. அதற்குப் பாடத்திட்டம் எழுதிய இலாகா எதுவுமில்லை.

"பார்த்தீர்களா, வீட்டுக் கல்வியே நம் பாரம்பரியம், அதுவே போதும்" என்று சொல்லிவிட்டு இங்கே நிறுத்திக்கொள்ள நமக்கும் ஆசைதான். ஆனால் நாகூர் சித்தி ஜுனைதா பேகம் (1917–1998) குறுக்கே வந்து நிற்கிறார். அவர் பாடசாலையில் படித்தது மூன்றாம் வகுப்பு வரைதான். அதற்குமேல் வீட்டில் இருந்தபடியே வாசித்து வாசித்துத் தம்மைத் தாமே வளர்த்துக்கொண்டார். இளம் வயதிலேயே 'காதலா? கடமையா?' என்ற நாவலை எழுதினார். 1938-ல் வெளிவந்த அந்நூலுக்கு மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையர் முன்னுரை வழங்கினார் என்றால் அதன் தமிழ் எத்தகையது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. வீட்டிலிருந்தே இவ்வளவு உயரலாம் என்பதற்கு அவரைக் காட்டுவது எளிது. காட்டுகிறவர்களும் உண்டு. ஆனால் அவரை மூன்றாம் வகுப்போடு நிறுத்தியது எது? பெண்பிள்ளைக்கு அது போதும் என்ற அக்கால வழக்கம். "போதும்" என்ற சொல்லை அன்று எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார்கள்! ஜுனைதா பேகம் எழுதியது அவருடைய பெருமை. அவரை நிறுத்திய வழக்கத்தின் பெருமையன்று. அவரோடு அதே வயதில் வீட்டில் இருத்தப்பட்டு, எழுதாமலும் வாசிக்காமலும் போன எத்தனையோ பெண்களின் பெயர் நமக்குத் தெரியாது, தெரிய வழியுமில்லை.

ஆகவே ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மகளை வீட்டில் வைத்துக்கொள்வதற்கு ஒரு மரியாதையான பெயராக வீட்டுக் கல்வியை உபயோகிப்பவர்களுக்கும், பதின்மூன்று வயது மகனைக் கடையில் மேசை துடைக்கவும் கல்லாவில் உட்காரவும் வைத்துவிட்டு "தொழில் கற்றுக்கொள்கிறான்" என்பவர்களுக்கும் இக்கட்டுரையில் ஆறுதல் ஒன்றுமில்லை. கடையில் கற்க எவ்வளவோ உண்டு என்பது வாஸ்தவம். நிறுத்தலும் எண்ணுதலும், ஆள் பார்த்துப் பேசுதலும், நட்டத்தை முகத்தில் காட்டாதிருத்தலும் கடையில்தான் வரும். ஆனால் பையன் வராத நாளில் வேலைக்கு ஆள் குறைகிறது என்று தகப்பனார் கோபிப்பாரானால், அது பாடமன்று; சம்பளமில்லாத வேலை. இவ்விதம் செய்பவர்கள் "போதுமா?" என்று நம்மிடம் வந்து கேட்பதேயில்லை என்பது இதில் ஒரு விந்தை.

கேட்கிறவர்களிடம் வருவோம். கடன் என்றால் என்னவென்று நமக்குத் தெரியும். கொடுத்தவர் ஒருவர் இருப்பார். தொகை ஒன்று இருக்கும். தவணை ஒன்று இருக்கும். இவை மூன்றும் இல்லாமல் ஒருவர் வந்து, "நீங்கள் எனக்கு ஏதோ தரவேண்டியிருக்கிறது" என்றால் பேரேட்டைத் திறந்துகாட்டி அனுப்பிவிடுவோம். நடு இரவில் வரும் கவலையையும் அப்படி நிறுத்திவைத்துக் கேட்கவேண்டும்: யாருக்கு, எவ்வளவு, எப்போது? ஒன்பது வயதுப் பிள்ளைக்கு எந்த மொழியிலும் ஒரு பத்தியைச் சேர்த்து வாசிக்க வரவில்லையா? அது கடன்; தொகையும் பெரிது. நாளைக்கே கண்ணையும் காதையும் பரிசோதித்து, வாசிப்பதில் இயற்கையான தடை ஏதேனும் உண்டா என்று தெரிந்தவரிடம் காட்ட வேண்டும். இதில் வெட்கத்துக்கு இடமில்லை, தாமதத்துக்கும் இடமில்லை. ஏழாம் வாய்பாட்டில் நிற்கிறதா? அதுவும் கடன்தான், சில்லறைக் கடன். அடுத்த மாதத்துக்குள் அடைந்துவிடும். "பெரியவனானதும் எல்லாரிலும் பின்தங்கிவிடுவானோ" என்கிறீர்களா? இதற்குக் கொடுத்தவரும் இல்லை, தொகையும் இல்லை, தவணையும் இல்லை. இது பயம். பேரேட்டில் எழுத இதற்குப் பக்கம் கிடையாது. பெற்றோரை வாட்டுவது பெரும்பாலும் இந்த மூன்றாவது வகைதான் என்பது நம் அபிப்பிராயம். முதல் வகை இருக்குமிடத்தில் கவலையோடு கூட வேலையும் தொடங்கிவிடுகிறது.

இதற்கு ஒரு மறுப்புச் சொல்லலாம். "கொடுத்தவர் யாருமில்லை என்கிறீர்களே, பிள்ளையே இல்லையா? இருபது வயதில் அவன் வந்து கேட்டால் என்ன சொல்வது?" நல்ல மறுப்பு, இதைத் தட்டிக்கழிக்க முடியாது. ஆனால் இருபது வயதில் அவன் எதைக் கேட்பான் என்று யோசித்துப் பார்த்தால் மனத்துக்கு ஒருவாறு தெளிவு பிறக்கும். பத்து வயதில் எனக்கு ஏன் இலையின் பாகங்களைச் சொல்லித் தரவில்லை என்று யாரும் கேட்கமாட்டார்கள். அறிவு வந்தபின் ஒரு மாலைப்பொழுதில் தானே படித்துக்கொள்ளக்கூடியது அது. தானாகத் தேடிக்கொள்ள முடியாதவற்றையே கேட்பான். மூடிவைத்த கதவுகளைக் கேட்பான்.

இந்த நாட்டில் முதற்கதவு மலாய் மொழி. வீட்டிலே தமிழ், ஓதுவதற்கு அரபு, வியாபாரத்துக்கும் கணினிக்கும் ஆங்கிலம் என்று நிறுத்திக்கொண்டு, "மலாய் தெருவில் தானாக வரும்" என்று விட்டுவிடும் வீடுகள் உண்டு. தெருவில் வருவது பேச்சு மலாய். கட்டுரை எழுதும் மலாய் வராது. எஸ்.பி.எம். சோதனையைத் தனிப்பட்ட முறையில் எழுத வழியுண்டு. ஆனால் மலாய் மொழியில் தேறாதவருக்கு அந்தச் சான்றிதழ் இல்லை. 2013 முதல் வரலாற்றிலும் தேறவேண்டும். மற்றப் பாடங்களில் பிள்ளை எவ்வளவு கெட்டிக்காரனாயினும் இந்த இரண்டில் தவறினால், அரசாங்க வேலைக்கும் பல கல்லூரிகளுக்கும் வழி அடைபடும். வெளிநாட்டுச் சோதனை எழுதுபவர்களும் இதை யோசித்தே முடிவு செய்யவேண்டும். இது தொகையும் தவணையும் உள்ள கடன்.

மறுபுறம், இப்பெற்றோர் வரவில் எழுத மறந்துபோன ஒன்று உண்டு. பாடசாலைக்குப் போய் மலாயிலேயே சிந்தித்து வளரும் நம் பிள்ளைகள் பலருக்கு இன்று பாட்டியோடு பேசத் தமிழில் பத்து வார்த்தைகூடக் கிடைப்பதில்லை. கோலாலம்பூர் இந்தியப் பள்ளிவாசலில் தமிழில் பயான் நடக்கையில், பக்கத்திலிருக்கும் தகப்பனாரின் முகத்தைப் பார்த்துப் பார்த்துப் பொருளை ஊகிக்கும் இளைஞர்கள் எத்தனை பேர்! வீட்டில் கற்பிக்கும் தாய் நாள் முழுவதும் தமிழில் கண்டித்து, தமிழில் கொஞ்சி, தமிழில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறார். அவருக்கு அது பாடமாகவே தோன்றுவதில்லை. "இன்று ஒன்றும் நடக்கவில்லை" என்று அவர் வருந்தும் நாளிலும் அது நடந்துகொண்டிருக்கிறது.

இனி, குறைவாகச் செய்தோமோ என்று அஞ்சுபவர்கள் அதிகமாகச் செய்வதன் கேட்டையும் அறிந்திருப்பது நல்லது. வீட்டுக் கல்விக்கு உலகப் புகழ்பெற்ற உதாரணம் ஒன்று உண்டென்றால் அது ஜான் ஸ்டூவர்ட் மில்லின் கல்விதான். தகப்பனார் ஜேம்ஸ் மில் மகனுக்கு மூன்று வயதில் கிரேக்கமும் எட்டு வயதில் லத்தீனும் தொடங்கினார். ஒத்த வயதுப் பிள்ளைகளோடு அதிகம் பழகவிடவில்லை. ஒரு நாளையும் வீணாக்கவில்லை. மகன் மகா மேதையானார் என்பது உண்மை. இருபது வயதில், 1826-ல், வாழ்க்கையில் எதிலும் சுவையில்லாமல் மனமுடைந்து பல மாதம் கிடந்தார் என்பதும் உண்மை. தம் சுயசரிதையில் அவரே எழுதிவைத்திருக்கிறார். அவருக்கு நானூறு ஆண்டுகளுக்கு முன்னமே, 1377-ல் எழுதிய முகத்திமாவில், இப்னு கல்தூன் இதைப்பற்றி விரிவாகப் பேசுகிறார். பிள்ளையின் சக்திக்கு மீறியதை ஒரே தடவையில் திணித்தால் அறிவு மழுங்கும் என்கிறார். கொஞ்சம் கொஞ்சமாக, சொன்னதையே மறுபடியும் மறுபடியும் விரித்துச் சொல்லவேண்டும் என்கிறார். கடுமை காட்டினால் பிள்ளை பொய்யும் பாசாங்கும் கற்றுக்கொள்ளும் என்கிறார். நாம் செய்யாமல் விட்டதாக வருந்தும் காரியங்களில் ஒரு பகுதி, செய்யாமல் விட்டதே நல்லதாயிற்று என்று சொல்லத்தக்கவை.

வீட்டில் ஒரு தகப்பனார் மகனுக்குப் பாடம் சொல்லும் காட்சி திருமறையிலேயே இருக்கிறது. லுக்மான் அவர்கள் தம் மகனுக்குச் சொன்ன உபதேசம் நம் அனைவருக்கும் தெரிந்ததே. இறைவனுக்கு இணைவைக்காதே என்று தொடங்கித் தொழுகை, பொறுமை, நடையில் அடக்கம், குரலில் தாழ்மை வரை அது செல்கிறது. அதில் நாம் அதிகம் கவனிக்காத விஷயம் ஒன்று. அந்த மகன் பிறகு என்ன ஆனார்? கேட்டு நடந்தாரா, இல்லையா? அதைப்பற்றி அங்கே ஒரு சொல்லும் இல்லை. தகப்பனார் சொன்னது மட்டுமே இருக்கிறது. நூஹ் நபி (அலை) அவர்களின் வரலாற்றிலோ முடிவு சொல்லப்படுகிறது. வெள்ளம் ஏறுகிறது; கப்பலில் ஏறிக்கொள் மகனே என்று அவர்கள் அழைக்கிறார்கள்; மலையொன்று என்னைக் காக்கும் என்று மகன் மறுக்கிறான்; அலை இடையே வந்துவிடுகிறது. ஒரு நபியின் வீட்டில், நபியின் வாயாலேயே பாடம் கேட்டு வளர்ந்த பிள்ளை! மகன் ஏறவில்லை என்பதற்காக, அழைப்பில் குறைவைத்தார் என்று அத்தந்தையின் மேல் குற்றம் எழுதப்படவில்லை.

இவ்விரண்டையும் சேர்த்துப் பார்க்கையில் நமக்குத் தோன்றுவது இது. பிள்ளை என்ன ஆகிறது என்பதை வைத்துப் பெற்றோரின் கணக்கு முடிக்கப்படுவதில்லை. வியாபாரத்திலும் நாம் அப்படித்தானே நினைக்கிறோம்? சரக்கைப் பார்த்து வாங்கி, நிறையை ஒழுங்காக நிறுத்து, நேரத்துக்குக் கடை திறந்த மனிதருக்கு ஒரு வருஷம் நட்டம் வந்தால், அவரை மோசக்காரர் என்போமா? இலாபம் வந்ததாலேயே கள்ள நிறைக்காரரை நல்லவர் என்போமா? பிள்ளை விஷயத்தில் மட்டும் முடிவைக் கொண்டு முயற்சியை அளக்கிறோம். அதுவும் முடிவு வருவதற்கு முன்னாலேயே, ஒன்பது வயதில், ஏழாம் வாய்பாட்டைக் கொண்டு! அதற்காக முயற்சியைக் குறைத்துக்கொள்ளலாம் என்பதில்லை. வாசிக்கத் தெரியாத பிள்ளையின் தகப்பனார் இந்தப் பத்தியைக் காட்டித் தப்பித்துக்கொள்ள முடியாது. அவருடைய நிறையே ஒழுங்கில்லை.

கடைசியாகக் கடைக்காரர்களிடம் ஒரு பேச்சு. இந்தக் கவலையைச் சுமப்பவர் பெரும்பாலும் தாய்மாரே. தகப்பனார் விடியுமுன் சந்தைக்குப் போகிறார். இரவு பதினொரு மணிக்குக் கடை கட்டி வருகிறார். சாப்பாட்டுக் கடைக்காரராயின் அதுவும் இல்லை, கடை இருபத்துநாலு மணி நேரமும் திறந்திருக்கிறது. கிள்ளானில் இருந்துகொண்டே சபர் போனவர் மாதிரிதான். வீடு வந்ததும் "இன்றைக்கு என்ன சொல்லிக்கொடுத்தாய்?" என்று கேட்கிறார், கணக்கப்பிள்ளையிடம் இருப்புக் கேட்பதுபோல. அவர் கெட்ட எண்ணத்தோடு கேட்பதில்லை. ஆனால் நாள் முழுவதும் தன்னைத் தானே அதே கேள்வி கேட்டுக் களைத்துப்போன பெண்ணின் காதில் அது எப்படி விழும்? அந்தக் கேள்வியை விட்டுவிட்டுப் பிள்ளையிடம் ஏதேனும் ஒன்றைத் தாமே சொல்லிக்கொடுப்பாரானால், வீட்டிலுள்ள பாரம் பாதியாகும். பெரிய படிப்பு வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு எப்படியும் கடையை விட்டு வருகிறோம். தொழுகை முடிந்ததும் பிள்ளையைக் கைப்பிடித்துத் தெங்கு கெலானா சாலையில் சற்று நடந்து வரலாம். கடைப் பலகைகளில் தமிழ் இருக்கிறது, மலாய் இருக்கிறது, ஆங்கிலம் இருக்கிறது. பள்ளிவாசல் பலகைகளில் ஜாவி எழுத்தும் இருக்கும். ஓதத் தெரிந்த பிள்ளைக்கு ஜாவி பாதி தெரிந்ததுதான்; நம் பாட்டிமார் வாசித்த அரபுத்தமிழைப்போல அதுவும் அரபு எழுத்தோடு சில எழுத்துகளைச் சேர்த்துக்கொண்டது. அந்த எழுத்துகள் எவை என்று பிள்ளையைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அத்தாவுக்கு வாசிக்கத் தெரியாவிட்டால் பிள்ளையிடமே கேட்டுக்கொள்ளலாம்.